ஒற்றை ஒயர்

கல்யாணத்துக்கு முன்பு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வேலையை விடமாட்டேன். பரமத்தி வேலூர் பக்கம் தோட்டத்து நடுவே இருக்கும் இந்த வீட்டில் எனக்காக ஓர் அறையைப் புதுப்பித்தார்கள். வெளியூர் வாடிக்கையாளர்களின் புகார்களை ஹெட்போனில் கேட்டுச் சமாதானம் சொல்கிற வேலை. அவர்களைக்கூடச் சமாதானப்படுத்திவிடலாம். அறையில் இருக்கிற ஒரே பிளக் பாயின்ட்டைத்தான் முடியவில்லை.

சாயங்காலம், யாராவது உச்சக்குரலில் திட்டிக்கொண்டிருக்கும்போது டப்பென்று டிரிப் ஆகும். மோடம் அணைந்துவிடும். செல்போன் சிக்னலோ வாசலைத் தாண்டி உள்ளே வராது. இப்படியே அழைப்பு அறுந்துகொண்டிருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மேலாளர் சொல்லிவிட்டாள். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது.

சார்ஜரை மாற்றினேன். மோடத்தின் அடாப்டரை மாற்றினேன். சுவிட்ச் போர்டையே புதிதாகப் போட்டார்கள். ஒருநாள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, வெறும் பிளக்கை முறைத்துக்கொண்டு நின்றேன். அப்போதும் டப்.

கொல்லையில் மாட்டுக்கொட்டகையிலிருந்து மாமியார் கத்தினார். “ஏஞ்சாமி, மறுக்கா கரண்டு போயிருச்சா? இப்பத்தான் லைட்டப் போட்டேன்.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். என் பிளக் பெட்டியின் பின்புறமிருந்து ஒரே ஒரு ஒயர் சுவரைத் துளைத்துக்கொண்டு கொட்டகை பல்புக்குப் போயிருந்தது. பல்பின் மறுமுனையிலிருந்த துண்டு ஒயரை, எருமையைக் கட்டும் இரும்புத் தூணில் முறுக்கிவிட்டிருந்தார்கள். திரும்பி வருவதற்கு ஒயரே இல்லை. போன கரண்டு தூண் வழியாக மண்ணுக்குள் இறங்கியது. எனக்காகப் புதிதாக வைத்த டிரிப் சுவிட்ச் அந்தக் கசிவைக் கண்டுபிடித்து அணைத்துக்கொண்டிருந்தது.

ஒயரிங் செய்தவர் என் கணவர். நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் செய்பவர்.

“லாரியில எல்லாத்துக்கும் ஒத்த ஒயர்தான். திரும்பி வர்ற கரண்டு வண்டி பாடியிலயே ஓடிரும்.”

“இது லாரி இல்லீங்க. வீட்டுக் கரண்டு. ஆளையே அடிச்சுப்போடும்.”

“இத்தன வருசமா எரிஞ்ச லைட்டு. நீ வந்த பொறவு வெச்ச சுவிட்ச்சாலதான் தொந்தரவு” என்றவர், அன்றைக்கே டிரிப் சுவிட்ச்சைக் கழற்றிவிட்டு நேராக இணைத்தார். “இனி டிரிப்பே ஆவாது. நிம்மதியா வேலையப் பாரு.”

நிம்மதியாம்! அதன் பிறகு பால் கறக்கும் நேரத்தில் எருமை காலை உதறியது. ஈரக்கையோடு தூணைப் பிடித்தால் சுள்ளென்கிறது என்று மாமியார் சிரித்துக்கொண்டே சொன்னார். அவரிடம் எவ்வளவோ சொன்னேன். “அவன் வண்டி வண்டியா ஒயரிங் பண்றவன். அவனுக்குத் தெரியாதா?” என்றார். உள்ளூர் எலக்ட்ரீசியன் என் கணவரின் கூட்டாளி. அவரைக் கேட்காமல் கைவைக்க மாட்டாராம். கணவரைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்பார். அவருடைய ஞாயிற்றுக்கிழமை லாரிப் பட்டறையிலேயே தீர்ந்துபோகும்.

நேற்று சாயங்காலம் ஒரு வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருந்தார். மேலாளரும் அதே அழைப்பில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே மாமியார் பால் சொம்போடு கொட்டகைக்குள் போவது தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு எழுந்துபோய் மெயினை அணைத்தேன்.

“கரண்டு போயிருச்சா சாமி?” என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டார்.

“ஆமாங்கத்தை” என்றேன்.