முதலைக்குக் காட்ட ஓர் அடையாள அட்டை

“...சிரிக்கிறதெண்டாலும் பல்லுத் தெரியாமச் சிரி, தம்பி. வாயை மட்டும் திறந்திடாதை, எங்கட தமிழ் வெளியில வந்திடும்,” என்று முணுமுணுத்தாள் அக்கா. கொழும்பில், வெள்ளவத்தைக் கால்வாயோர நடைபாதையில் எதிரே ஒரு பொலிஸ்காரர் வந்துகொண்டிருந்தார். அக்காவின் கை அதற்குள் கைப்பைக்குள் போய்விட்டது. காலாற நடக்க வந்தவளுக்குக் கைப்பை எதற்கு? கேட்டால், “அடையாள அட்டை இல்லாம நான் கடைக்குப் பாண் வாங்கவும் போறேல்லை” என்பாள். சீனி வருத்தத்துக்கு நாளாந்தம் நடக்கச் சொல்லிவிட்டார் டொக்டர். அத்தான் காலமான பிறகு அவள் தனியே வெளிக்கிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் விமானம் ஏறிவிடுவேன். அதற்குள் அவளுக்கு இந்தப் பாதையைப் பழக்கிவிட வேண்டும் என்றுதான் கூட்டிவந்திருந்தேன்.

பர்மிங்ஹாமில் என் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு கால்வாய் ஓடுகிறது. ஒருகாலத்தில் குதிரைகள் படகு இழுத்த கரை. இன்று அங்கே நாயோடு வருகிறவர், பிள்ளை வண்டி தள்ளுகிறவர் எல்லாரும் முன்பின் தெரியாதவனுக்கும் ‘மோர்னிங்’ சொல்லிப் போவார்கள். போன புதிதில் ஒரு கிழவர் அப்படி என் முன்னால் நின்றார். வழியில் யாரும் நிறுத்தினால் அது சோதனைதான் என்பது போர்க்கால வெள்ளவத்தையில் வளர்ந்த என் கைக்குத் தெரியும். நான் யோசிக்குமுன் அது என் படம் போட்ட விசா அட்டையை எடுத்து நீட்டிவிட்டது. மனிதர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “படத்தில இன்னும் வடிவாயிருக்கிறீர்” என்று தன் பாஷையில் சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனார். அட்டையைத் தேடாமல் இருக்க அந்தக் கையைப் பழக்கியெடுக்க எனக்கு வருடங்கள் பிடித்தன. இப்போது அது வெறுங்கையாக ஊருக்கு வந்திருக்கிறது. பாஸ்போட் வீட்டு அலுமாரிக்குள் கிடக்கிறது.

பொலிஸ்காரர் நெருங்கிவிட்டார். என் கை வெறும் சட்டைப்பையைத் தடவியது. அக்கா அட்டையை நீட்டியே விட்டாள்.

“அம்மே, அந்தப் பக்கம் போகவேண்டாம். பாலத்தடியில முதலை ஏறிக் கிடக்குது” என்றார் அவர் சிங்களத்தில். பிறகுதான் அட்டையைக் கண்டார். “இது எதுக்கு? முதலைக்குக் காட்டவா?”

அக்கா பல்லுத் தெரியவே சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தபடி எங்களைக் கடந்து போனார். என் கைதான் இன்னும் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை.

“உன்ர பாஸ்போட் எங்க?”

“அலுமாரிக்குள்ள.”

“நல்ல ஆள்! எனக்கு முதலைப் பயம் மட்டுந்தான். உனக்குப் பொலிஸ் பயமும் சேர்த்து ரெண்டு.”

சொல்லிக்கொண்டே தன் அடையாள அட்டையை என் சட்டைப்பைக்குள் வைத்து, ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு வெறும் கைப்பையை வீசிக்கொண்டு, முதலை இல்லாத பக்கமாகத் திரும்பி, எனக்காகக் காத்திராமல் நடந்தாள்.