புனித வென்டெலின் குட்டையான வருஷம்

ஆஃப்ராவின் குரல் இனிமையானது என்று அவளைக் கட்டிக்கொண்ட லோயிஸ்கூடச் சொன்னதில்லை. கரகரத்த குரல். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் போல எப்போதும் ஓர் அவசரம். இருந்தும் குளிர்காலம் பிறந்துவிட்டால் இன்ஸ்புருக்கிலும் மியூனிக்கிலும் நூற்றுக்கணக்கானவர்கள் பல் விளக்குவதற்கு முன்பே போனைச் சுழற்றி அந்தக் குரலைத்தான் கேட்டார்கள். ஹின்டர்ரீட் மலையில் இன்று பனி எத்தனை சென்டிமீட்டர், சறுக்கக் கிளம்பலாமா, இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாமா என்று தினமும் காலை ஆறு மணிக்கு டேப்பில் பதிவு செய்வது அவள் வேலை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அங்கே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது நிலவரம் சொன்னவர் பழைய மேனேஜர். மழை கொட்டினாலும் "பனி மிக நன்று" என்றுதான் சொல்வார். ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நீ போய் ஏதாவது சொல் என்று ஆஃப்ராவை அனுப்பினார். அவளும் போய்ச் சொன்னாள்: "கீழே பனி கஞ்சி மாதிரி கிடக்கு. நடுவுல வெறும் ஐஸ். இன்ஷூரன்ஸ் கட்டினவங்க மட்டும் வாங்க." மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த வாரம் நல்ல பனி விழுந்து, அதையும் அவளே சொன்னபோது, மலை தாங்காத கூட்டம். இங்கே ஒருத்தி உள்ளதைச் சொல்கிறாள் என்ற பேச்சு பரவியிருந்தது. அன்றிலிருந்து டேப் அவளுடையது. அளந்ததைச் சொல்வேன், அளக்காததைச் சொல்ல மாட்டேன் என்பதுதான் அவள் வைத்திருந்த ஒரே கட்டுப்பாடு. வாய்த்துடுக்குக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது.

மலை உச்சியில், மேல் சரிவு தொடங்கும் இடத்தில், மேய்ப்பர்களின் காவலர் புனித வென்டெலின் நிற்கிறார். கையில் கோல், காலடியில் ஆட்டுக்குட்டி, இடுப்பில் சிவப்புக் கச்சை. மரத்தில் செதுக்கிய சின்னச் சுரூபம். மேல் சரிவு முழுக்க ஊர்க்காரர்களின் மேய்ச்சல் நிலம். சறுக்குக்கட்டையின் விளிம்பு பட்டால் புல் வேரோடு பெயரும், அடுத்த கோடையில் மாடு என்ன தின்னும்? அதனால் மலைக்குத் தொங்கு நாற்காலி வந்தபோதே ஊர் ஒரு நிபந்தனை போட்டது: புனிதரின் கச்சை பனியில் மூழ்காமல் மேல் சரிவைத் திறக்கக் கூடாது. கச்சை மூழ்கினால் பனி ஒரு மீட்டர். ஆஃப்ரா பக்கத்தில் கம்பியைக் குத்தி அளந்தாலும் அதே ஒரு மீட்டர்தான் வரும். பத்தொன்பது வருஷமாகப் புனிதரும் கம்பியும் ஒரே பேச்சு.

அந்த டிசம்பரில்தான் இருவருக்கும் பேச்சு முறிந்தது.

வியாழக்கிழமை காலை லோயிஸ் ஓட்டிய பனி சமன்செய்யும் வண்டியில் ஆஃப்ரா வழக்கம்போல மேலே போனாள். புனிதருக்குக் கச்சை மூழ்கியிருந்தது. கம்பியைக் குத்தினாள். அறுபத்திரண்டு. நகர்ந்து குத்தினாள். அறுபத்திரண்டு. புனிதரைச் சுற்றி ஏழு இடத்தில் குத்திவிட்டு, இடுப்பில் கை வைத்து அவர் முகத்தைப் பார்த்தாள். புனிதர் எதுவும் சொல்லவில்லை.

"லோயிஸ், இங்க வந்து பாரேன். இவரு குள்ளமாயிட்டாரு."

"எனக்கு ரேடியேட்டர் சுடுது" என்றான் லோயிஸ், வண்டியை விட்டு இறங்காமலே. வெளியே மைனஸ் பதினாலு. அவள் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் அவள் புத்தி நேராக ஏகோனிடம் போய்விட்டது.

ஏகோன் இப்போதைய மேனேஜர். பள்ளியில் ஆஃப்ராவோடு ஒரே பெஞ்சு. பத்தொன்பது வயதில் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு, ஊர்த் திருவிழாவில் எல்லோர் முன்னிலும் மறுப்பு வாங்கியவன். மூன்று வருஷத்துக்கு முன் ஊரைச் சரிக்கட்டி மேல் சரிவை இரண்டு நாள் முன்னதாகத் திறந்தான். ஊல்மிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியை பாறையில் மோதி இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். அதிலிருந்து ஏகோன் என்ன செய்தாலும் ஆஃப்ராவுக்குக் கண் உறுத்தும்.

அவள் ஆபீசுக்குள் போனபோது அவன் தொலைநோக்கியில் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீசை மகிழ்ச்சியில் துடித்தது.

"கச்சை முழுகிருச்சு! சனிக்கிழமை ஒம்பது மணிக்குத் திறக்கறோம். பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லியாச்சு."

"அறுபத்திரண்டு சென்டிமீட்டர்ல என்னத்தத் திறப்ப?"

"உன் கம்பி கல்லுல குத்தியிருக்கும்."

"ஏழு இடத்துலயும் கல்லா? புனிதரோட காலை வெட்டுனது யாரு ஏகோன்?"

அவன் அசந்துபோனான். "எங்கம்மா மேல சத்தியமா நான் தொடல. போய்த் தோண்டிப் பாத்துக்க!"

"நான் தனியாத் தோண்டினா நான்தான் வெட்டுனேன்னு சொல்லுவ. சனிக்கிழமை பங்குச்சாமி முன்னால, ஊர் முன்னால தோண்டுவோம். வெட்டுனது நீயா இருந்தா, புனிதர் பக்கத்துல சாயங்காலம் வரைக்கும் நீயும் ஒரு சுரூபமா நிக்கணும்."

"நான் இல்லன்னா?"

"இல்லன்னா பேண்டு வாத்தியம் முன்னால உன் ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுக்கறேன், போ!"

இருபத்தொரு வருஷம் கழித்து இப்படி ஒரு வாய்ப்பு வரும் என்று ஏகோன் கனவிலும் நினைத்ததில்லை. கைகொடுத்தான். அவளும் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை டேப்பில் ஆஃப்ரா சொன்னாள்: "பனி அறுபத்திரண்டு. மேல் சரிவு மூடியிருக்கு. புனித வென்டெலின் கோடைக்கு அப்புறம் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் குட்டையாயிட்டார். காலை வெட்டுனவர் பேரைச் சொல்ல மாட்டேன். மீசை வச்சிருக்கார், ஆபீஸ்ல புது சோபா போட்டிருக்கார்."

சொல்லி முடித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. மீசையையும் சோபாவையும் எந்தக் கம்பியாலும் அவள் அளக்கவில்லை என்பது அந்தச் சிரிப்பில் மறந்துபோயிற்று.

பத்து மணிக்குள் பள்ளத்தாக்கே அதைக் கேட்டுவிட்டது. ஏகோன் காபி குடிக்கப் போன இடத்தில் கரண்டிக்குப் பதில் பள்ளிக்கூட ஸ்கேலைப் போட்டுக் கொடுத்தார்கள். ரொட்டிக் கடைக்காரி அவனைப் பார்த்ததும் முழங்காலை மடக்கிக் குள்ளமாக நடந்து காட்டினாள். அவன் மனைவி இர்ம்கார்டு, கடைக்குள் நின்று எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தாள். ஆஃப்ராவுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானம் சூப் வைக்க அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது. விறகுக் கொட்டகைக்குப் போய்க் கோடாலியை எடுத்துச் சுள்ளி பிளந்தாள். நாலாவது வெட்டில் அடியில் இருந்த கட்டை புரண்டு விழுந்தது. செப்டம்பரிலிருந்து தினமும் அதன்மேல் வைத்துத்தான் பிளக்கிறாள், திருப்பிப் பார்த்ததில்லை. நல்ல வைரம் பாய்ந்த லார்ச் மரக்கட்டை. ஒரு பக்கம் நெடுக விரிசல். அடிப்புறத்தில், யாரோ பழங்காலத்தில் பொறுமையாகச் செதுக்கிய எழுத்து: புனித வென்டெலினே, எங்கள் மந்தையைக் காத்தருளும்.

ஆஃப்ரா கம்பியை எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டு.

"லோயிஸ்!"

அவள் கூப்பிட்ட விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"ஆகஸ்ட்ல ஒரு கிடேரி முதுகு சொறிய வந்து புனிதரைச் சாச்சுருச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகல. பீடம்தான் பிளந்துபோச்சு. அவரைக் கீழ இருந்த கல்லு மேலயே வச்சுட்டு, இதை இரும்புப் பட்டை போட்டுத் தரலாம்னு வீட்டுக்கு எடுத்து வந்தேன். அப்புறம் புல்லறுப்பு வந்துச்சு... மறந்துட்டேன்."

"நேத்து உன் ரேடியேட்டர் சுட்டுச்சே, அது?"

"நேத்து ஞாபகம் வந்துச்சு."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னய்யா கேடு?"

"நான் தீயணைப்புப் படைத் தலைவன்டி. புனிதர் மேல விறகு வெட்டுறவன்னு ஊரே சிரிக்கும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆஃப்ரா, நல்லா எரியற மரம். அடுப்புல போட்டுருவோம். நாளைக்குத் தோண்டினா பீடம் இல்லன்னு தெரியும். உன் கணக்குதான் ஜெயிக்கும். சரிவு மூடியே இருக்கும். பழி ஏகோன் மேல. அவன் செய்யக்கூடிய ஆளுதானே?"

செய்யக்கூடிய ஆள்தான். அதுதான் ஆஃப்ராவை அரித்தது. கட்டையை அடுப்பு வரைக்கும் தூக்கிக்கொண்டும் போனாள். கதவைத் திறந்தாள். உள்ளே தீ நன்றாகப் பிடித்திருந்தது. ஏகோன் சாயங்காலம் வரை பனியில் கோல் பிடித்து நிற்கும் காட்சி கண்ணில் வந்து நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் நாளைக் காலை ஆறு மணிக்கு அவள் பேச வேண்டும். தெரிந்தே ஒரு பொய்யை ஒரு தரம் டேப்பில் விட்டால், அப்புறம் அறுபத்திரண்டு என்று சொன்னாலும் அவள் காதுக்கே அது பழைய மேனேஜரின் "மிக நன்று" போலக் கேட்கும். அவளுக்கு அழுகை வந்தது. அடுப்புக் கதவை உதைத்துச் சாத்தினாள்.

"கட்டையத் தொட்ட, அடுப்புல போறது நீதான்" என்றாள் லோயிஸிடம்.

சனிக்கிழமை காலை போன் செய்தவர்கள் கேட்டது இது: "பனி அறுபத்திரண்டு. மேல் சரிவு மூடியிருக்கு. புனிதரோட முப்பத்தெட்டு சென்டிமீட்டர் என் வீட்டு விறகுக் கொட்டகையில கிடைச்சுது. அதுமேல மூணு மாசமா விறகு பிளந்தது நான். எடுத்து வந்தது என் வீட்டுக்காரர். நேத்து அளக்காததை அளந்த மாதிரி பேசிட்டேன். ஏகோன் இந்தத் தடவை குற்றவாளி இல்ல."

ஒன்பது மணிக்கு அவள் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு தொங்கு நாற்காலியில் மேலே போனாள். ஊரே திரண்டிருந்தது. தோண்டினார்கள், புனிதரைத் தூக்கினார்கள், லோயிஸ் ராத்திரியோடு ராத்திரியாக இரும்புப் பட்டை போட்ட பீடத்தைக் கல்லுக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார்கள். பனி அவர் முழங்காலுக்கும் கீழே இறங்கிற்று. பங்குச்சாமி கோடாலி வெட்டுகளைத் தடவிப் பார்த்து, "பாவசங்கீர்த்தனத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே வந்துருங்க" என்றார். லோயிஸை அன்றிலிருந்து இன்றுவரை ஊரில் யாரும் தலைவர் என்று கூப்பிடுவதில்லை. விறகு வென்டெலின் என்றுதான் பெயர்.

பிறகு ஏகோன் மீசையை ஒதுக்கிக்கொண்டு கன்னத்தைக் காட்டினான். பேண்டு வாத்தியம் முழங்கியது. ஆஃப்ரா, கசப்பு மருந்து குடிப்பவளைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு, இடது கன்னத்தில் ஒன்று, வலது கன்னத்தில் ஒன்று. "சாயங்காலம் வரைக்கும் நீயே வச்சுக்க!" என்று இர்ம்கார்டு கத்தினாள். கூட்டம் உருண்டு உருண்டு சிரித்தது.

சரிவு திறக்கவில்லை என்றாலும் ஏகோன் சந்தோஷத்தில் நிலைகொள்ளாமல் இருந்தான். கீழே மதுக்கடையில் ஷ்நாப்ஸ் சாராயம் இரண்டு கோப்பை போனதும் ஆஃப்ராவின் தோளில் தட்டினான்.

"நான் அக்டோபர்ல கேபிள் பாக்க மேலே போனப்பவே கவனிச்சேன், தெரியுமா? புனிதர் கல்லு மேல சப்புன்னு உக்காந்திருந்தாரு. எந்தப் புண்ணியவான் நமக்கு இந்த உபகாரம் பண்ணானோன்னு நெனச்சு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன்!"

ஆஃப்ரா தன் கோப்பையையும் அவன் பக்கம் நகர்த்தினாள். "குடி ஏகோன்" என்றாள் அன்பாக. "இன்னொரு தரம் சொல்லு, எந்த மாசம்?"

"அக்டோபர்!" என்றான் அவன், அடுத்த மேசைக்கும் கேட்கும்படி.

ஞாயிற்றுக்கிழமை காலை இன்ஸ்புருக்கிலும் மியூனிக்கிலும் போனைச் சுழற்றியவர்களின் காதில், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த அந்தக் குரல் விழுந்தது: "பனி அறுபத்தாறு. கீழ் சரிவு அருமை. மேல் சரிவு மூடியிருக்கு. புனிதர் குட்டையானது மேனேஜர் ஏகோனுக்கு அக்டோபர் மாசத்துலேருந்தே தெரியும். அவர் வாயாலேயே சொன்னார், அடுத்த மேசையில பங்குச்சாமியும் இருந்தார். அதனால நேத்து தவறுதலாக் குடுத்த ரெண்டு முத்தமும் செல்லாது. ஏகோன் இன்னைக்கு ஒம்பது மணிலேருந்து புனிதர் பக்கத்துல நிக்கறார். பாக்க விரும்பறவங்க கம்பளித் தொப்பி போட்டுட்டு வாங்க, மேலே காத்து பலமா இருக்கு."