கிழக்கே காட்டிய கை

டிராயிங் மாஸ்டர் பாச்சாவின் முழுப் பெயர் பார்த்தசாரதி. சின்னக் காஞ்சிபுரத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். பாச்சா என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். கரும்பலகையில் வெறுங்கையால் வட்டம் போடுவார், காம்பஸ் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஆயுசில் ஒரே ஒரு வீட்டுக்குப் படம் போட்டார். அந்த வீடு வந்து உட்கார்ந்த லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், எனக்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அவருக்கும் மனைவி வத்ஸலாவுக்கும் ஒரே பெண், ஜாஹ்னவி. குழந்தையில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போயின. மகா கெட்டிக்காரி. ஹிந்திப் பரீட்சை எல்லாம் எழுதித் தேறி, வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தாள். குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் படிகள் செங்குத்தாக இருந்தன. சக்கர நாற்காலி ஏறாது. அப்பா தூக்கிக்கொண்டு இறங்கிய காலம் ஒன்று உண்டு, அதுவும் அவர் இடுப்பு பிடித்துக்கொண்டதோடு முடிந்துபோயிற்று. அப்புறம் கல்யாணத்துக்குப் போவதானாலும் டாக்டரிடம் போவதானாலும் கொல்லைப்பக்கமாகத்தான், கக்கூஸைத் தாண்டி, சாக்கடைச் சந்து வழியாக உருட்டிக்கொண்டு போக வேண்டும்.

மாமா பெண் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அந்தச் சந்தில் போனபோது சேறு தெறித்துக் கரையெல்லாம் நாசமாயிற்று. அன்றைக்கு அவள் அழவில்லை. திரும்பி வந்து, புடவையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "எனக்குப் பெரிய ஆம், பங்களாவெல்லாம் வேண்டாம்ப்பா. எல்லாரும் வர வாசல் வழியா நானும் வரணும். அது போறும்."

பாச்சா பிடித்தால் பிடித்த பிடிதான். செவிலிமேட்டில் பாலாற்றுப் பக்கமாக ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். ஆனால் அங்கே புதுச் சாலை வரப்போகிறது, கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், கட்டினால் இடித்துவிடுவார்கள் என்று ஆளுக்கு ஆள் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்தார். தொழிற்சாலை கட்டுகிற இடத்தில், துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிற இரும்புப் பெட்டி ஒன்றில் ஜன்னல் வைத்து, ஏசி மாட்டி, உள்ளே ஓர் இன்ஜினீயர் ஜம்மென்று உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாச்சா அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்பி வந்து, பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அஸ்திவாரம் வேண்டாம், படி வேண்டாம். சாலை வந்தால் அலேக்காகத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடலாம்.

விசாரித்து விசாரித்து மணலியில் சிட்டிபாபு என்கிறவரின் யார்டைக் கண்டுபிடித்தார். பழைய கண்டெய்னர்களை வாங்கி ஆபீஸாகவும் வீடாகவும் மாற்றிக் கொடுப்பது அவருக்குத் தொழில். சமையல் மேடை, குளியலறை, ஒயரிங் எல்லாம் யார்டிலேயே முடித்து அனுப்பிவிடுவேன், நீங்கள் பால் காய்ச்ச வேண்டியதுதான் பாக்கி என்றார். பாச்சா படம் போட்டார். மனைக்குக் கிழக்கே தெரு. பெட்டி தெருவுக்கு இணையாக நீளவாட்டில் இருக்கும். நீளச் சுவரின் நடுவில் இரும்பை வெட்டி அகலமாக ஒரு வாசல், கிழக்கு பார்த்து, நிலைப்படியே இல்லாமல், அங்கிருந்து தெருவரை ஒரு சரிவு. பெட்டியோடு பிறந்த இரட்டை இரும்புக் கதவு ஒரு முனையில் இருக்குமல்லவா, அதைப் பற்றவைத்து மூடிவிட்டு அதற்குப் பின்னால் குளியலறையும் கக்கூஸும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில், ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடியால் அந்த வீட்டை நிஜ அளவில் வரைந்தார். ஜாஹ்னவி நாற்காலியை உருட்டிக்கொண்டு சுண்ணாம்பு வாசல் வழியாக உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி போனாள். வத்ஸலா சமையலறைக் கோட்டுக்குள் நின்றுகொண்டு, காபி ஆறுகிறது என்று கூப்பிட்டாள். மூன்று பேரும் சின்னக் குழந்தைகள் மாதிரி விளையாடினார்கள்.

பெட்டி வருகிற நாளும் வந்தது. சாயங்காலம்தான் வரும் என்று சிட்டிபாபு சொல்லியிருந்ததால், பாச்சா வழக்கம்போலக் காலையில் பெருமாள் கோயிலுக்குப் பிரபந்தம் ஓதுகிற கோஷ்டிக்குப் போய்விட்டார். வத்ஸலாவும் ஜாஹ்னவியும் பழைய வீட்டில் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். டிரெய்லரோ விடிந்ததுமே செவிலிமேட்டுக்கு வந்து நின்றுவிட்டது, கூடவே கிரேனும். மின்சார ஆட்கள் ஒயரை இறக்கிக் கொடுத்துவிட்டு, சீக்கிரம் முடியுங்கள், கரண்ட் விட வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். வந்த ஆட்கள் கையில் விலாசம் மட்டுமே இருந்தது. பாச்சா போட்ட படம் மணலியில், சிட்டிபாபுவின் மேஜையில் சௌக்கியமாக இருந்தது.

வடக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வேணுகோபால் உபகாரம் செய்கிறவர். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பறந்தார். கோஷ்டி நடுவில் எழுந்திருக்கக் கூடாது, வேறு பேச்சும் பேசக் கூடாது. ஓதி முடித்துச் சாத்துமுறை ஆகிறவரை வாய் பாசுரத்துக்குத்தான். வேணுகோபால் பின்னால் போய்க் குனிந்து, "சாமி, வண்டி வந்துருக்குது. வாசல் எந்தப் பக்கம்னு கேக்கறாங்க" என்று காதோடு கேட்டார். பாச்சா பாசுரத்தை நிறுத்தாமல் வலது கையைத் தூக்கிக் கிழக்கே காட்டினார். சந்தேகமே வேண்டாம் என்பதுபோல இன்னொரு தரமும் காட்டினார்.

இந்த ஊரில் வாசல் என்றால் மனுஷர்கள் வந்துபோகிற இடம், கோலம் போடுகிற இடம். யார்டு ஆட்களுக்கு வாசல் என்றால் பெட்டியோடு பிறந்த அந்த இரட்டை இரும்புக் கதவு. வேணுகோபால் வந்து சொன்னதும் அவர்கள் இரும்புக் கதவைக் கிழக்கே திருப்பி, பெட்டியைத் தெருவுக்குக் குறுக்காக, உள்வாட்டில் இறக்கினார்கள். மனை நடுவில் தண்ணீருக்குப் போர் போட்டிருந்ததால் வடக்கு ஓரமாக, வேணுகோபாலின் மதிலை ஒட்டி வைத்தார்கள். மரக்கட்டைகளின் மேல் பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. கிரேனும் போய்விட்டது.

பாச்சா பிரசாதப் புளியோதரையை வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு, ஆட்களுக்குக் கொடுக்கலாமென்று சைக்கிளில் ஆசையாக வந்தார். தெருவில் நின்று பார்த்தால் பற்றவைத்த இரும்புக் கதவு. வாசலைக் காணோம். சுற்றிக்கொண்டு போனார். நிலைப்படி இல்லாத அவருடைய அகலமான வாசல் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு இடுக்கு. அதில் அவர் போனார், நின்றார். கையில் இருந்த பொட்டலம் கசங்கியதுகூடத் தெரியவில்லை.

தகவல் தெரிந்ததும் வத்ஸலா தலையிலடித்துக்கொள்ளவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "ரெண்டு வார்த்தை வாயத் தொறந்து சொல்லியிருந்தா, பெருமாள் கோச்சுண்டிருப்பாரா?"

பாச்சா கசங்கிய பொட்டலத்தை அவள் கையில் வைத்தார்.

மணலிக்கு ஓடினார். சிட்டிபாபு கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "இன்னா சார் பண்றது, நீங்க காட்டுன பக்கம்தான பசங்க வெச்சிருக்கானுங்க" என்றார். கிரேனைத் திரும்ப அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டார். கிரேன் வந்தபோது அது நிற்க இடமில்லை. முதல் தடவை அது நின்றது தெற்குப் பக்கத்துக் காலி மனையில். அங்கே இதற்குள் யாரோ ஃப்ளாட் கட்ட ஆழமாகப் பள்ளம் தோண்டிவிட்டார்கள். தெருவிலிருந்து நீட்டினால் எட்டாது. டிரைவர் சுற்றிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டுப் போனார்.

தெற்குச் சுவரில் புதிதாக வாசல் வெட்டலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு பக்கம் வெட்டியதற்கே இரும்புச் சட்டம் கொடுத்து நிறுத்தியிருக்கிறேன், இன்னொரு பக்கமும் வெட்டினால் பெட்டி நடுவில் தொங்கிப்போகும், நான் பொறுப்பில்லை என்றார் சிட்டிபாபு. வேணுகோபாலோ, தான் சொன்ன சேதியால்தான் இப்படி ஆயிற்று என்று மருகி, மதிலில் ஒரு துண்டை இடித்துக்கொள்ளுங்கள் என்றார். இடித்தால் அந்தப் பக்கம் அவருடைய செப்டிக் டேங்க். எங்கே தொட்டாலும் கை திரும்பி வந்தது. பழைய வீட்டையோ காலி செய்து கொடுத்தாக வேண்டும், அடுத்த குடித்தனக்காரர் வந்து சுவருக்கு என்ன வர்ணம் அடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மிச்சமிருந்தது ஒரே வழி. வெல்டரை வரவழைத்து இரும்புக் கதவை அறுத்துத் திறந்தார்கள். கதவுக்குப் பின்னால் கக்கூஸ். பக்கத்தில் நாற்காலி போகிற அளவுக்குக் குளியலறைத் தடுப்பைப் பெயர்த்து, கோப்பையை மறைக்க வத்ஸலா ஒரு பிளாஸ்டிக் திரை கட்டினாள். தெருவிலிருந்து கதவுவரை பாச்சா தன் கையாலேயே சிமெண்ட் சரிவு போட்டார். அதில் ஒரு மேடுபள்ளம் கிடையாது.

கிருஹப்பிரவேசத்தன்று பெருமாளைக் கக்கூஸ் வழியாக எழுந்தருளப் பண்ண முடியுமா? பாச்சா சாளக்கிராமப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, மதிலில் முழங்கை சிராய்க்க, இடுக்கு வழியாக ஒருக்களித்து உள்ளே போனார். பின்னால் வத்ஸலா குத்துவிளக்கோடு போனாள். சடங்கு செய்துவைக்கிற வாத்தியார், வேணுகோபால், உறவுக்காரர்கள், ட்யூஷன் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக அந்த இடுக்கில் நுழைந்தார்கள். ஜாஹ்னவி மட்டும் தெருவில், நாற்காலியில் தனியாக இருந்தாள். அன்றைக்கும் பட்டுப்புடவைதான்.

பெருமாளை இன்னும் பீடத்தில் சேர்க்கவில்லை, பாச்சாவால் நகர முடியாது. உள்ளே நின்றபடி பிளாஸ்டிக் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. திரைக்கு இந்தப் பக்கம் ஜாஹ்னவியின் நாற்காலி வந்து நின்றது. கூடத்தில் எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னாள்.

"பரவால்லப்பா. எனக்குப் பழக்கந்தானே."

பாச்சாவுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. கையில் பெருமாள் இருந்தார். வாத்தியார், நாழியாகிறது, எழுந்தருளப் பண்ணுங்கள் என்றார். பாச்சா பீடத்தின் பக்கம் திரும்பிக் குனிந்தார்.