மங்கைக்கு ஒரு பின்சீட்டு

மங்கைக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. கேட்டால், இதெல்லாம் ஒரு ஆசையா என்பீர்கள். புருஷன் வண்டி ஓட்டவேண்டும், அவள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து அவன் தோளில் கைவைத்துக்கொண்டு திருவொற்றியூர் மார்க்கெட் வரைக்கும் போகவேண்டும். அவ்வளவுதான். நகை வேண்டும், மாடி வீடு வேண்டும் என்று அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

புருஷன் கோதண்டம் லேசுப்பட்ட ஆளில்லை. ஃபைபர் படகின் பின்கோடியில் உட்கார்ந்து வலது கையால் எஞ்சின் பிடியை முறுக்கினான் என்றால் எப்பேர்ப்பட்ட அலையையும் ஏறித் தாண்டிவிடுவான் என்று எண்ணூர் பக்கத்து அந்தக் குப்பம் முழுக்கப் பேச்சு. மங்கை மட்டும் அதைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. அங்கே பெண்கள் படகில் கால் வைக்கக் கூடாது. எவன் போட்ட சட்டமோ! பிடித்து வந்த மீனைக் கூவி விற்கப் பெண் வேண்டுமாம், படகில் ஏறப் பெண் ஆகாதாம். கரையில் நிற்பவளுக்குத் தெரிவது அவன் முதுகுதான், அதுவும் கொஞ்ச நேரம்.

தினமும் கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். மங்கை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டாள். ஆனால் பைக்கில் ஒரு பெண் புருஷன் முதுகில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு போனால், அந்த வண்டி மறையும் வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். லாரி வருகிறதா, பள்ளம் இருக்கிறதா என்று ஒன்றையும் பார்க்காமல் ஒருத்தி ரோட்டில் போகிறாளே என்று வயிறு எரியும். பதினாறு வயதிலிருந்து எல்லாவற்றையும் தானே பார்த்துப் பார்த்து நடந்தவள் அவள்.

ஒருவழியாகப் பைக் வாங்குவது என்று முடிவானது. மங்கையின் தம்பி திலீப், வாங்கினால் முந்நூற்றைம்பது சிசி வாங்கு மாமா, அப்போதுதான் கெத்து என்று ஏற்றிவிட்டான். கோதண்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்தைந்து வயதாகியும் ஒரு மொபெட்கூட ஓட்டாதவன் என்பதை மாமனும் மச்சானும் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

ஷோரூமில் இருந்த அஃப்ரித் என்ற பையன் நல்லவன். பெரிய வண்டியை இவர்கள் தலையில் கட்டி அனுப்பியிருந்தால் அவனுக்கு லாபம். அவனோ கோதண்டத்தை அதன்மேல் உட்காரவைத்து, ஸ்டாண்டை எடுத்துவிட்டு, உட்கார்ந்தபடியே காலால் உந்திப் பின்னால் தள்ளச் சொன்னான். வலை இழுத்துக் காய்ந்த கைகள்தான். ஆனாலும் வண்டி ஒருபக்கம் சாயத் தொடங்கியதும் திலீப்பும் அஃப்ரித்தும் ஓடிவந்து தாங்கவேண்டியதாயிற்று.

"அண்ணே, ஓடும்போது கனம் தெரியாது. நிக்கும்போதுதான் தெரியும். புதுசா கத்துக்கிறவங்க விழுறதே நிக்கிற எடத்துலதான்," என்றான் அஃப்ரித்.

வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்றும் கேட்டான். குப்பத்துச் சந்தில், மணலில் என்றாள் மங்கை. அப்படியென்றால் அந்த யானையை மணலிலிருந்து தினமும் யார் கிளப்புவது என்று சிரித்தான். பிறகு மூலையில் நின்ற சின்ன வண்டிகளிடம் கூட்டிப்போனான். நூற்றிருபத்தைந்து சிசி, முன்னால் மூடி கீடி எதுவும் இல்லாத ஒல்லி உடம்பு, நிமிர்ந்து உட்காரும்படி ஹாண்டில்பார். கோதண்டம் உட்கார்ந்தபோது இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. திலீப் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அதிலும் ஒன்றுக்குப் பின்சீட்டு தனியாக, குட்டியாக, மேலே தூக்கிக்கொண்டிருந்தது. மங்கை ஏறிப் பார்த்து வழுக்கி இறங்கினாள். இது மனுஷி உட்காரும் இடமா, காக்கா உட்காரும் இடமா என்று கேட்டாள். ஒரே நீளமாகச் சீட்டும், புடவை சக்கரத்தில் சிக்காமல் கம்பியும், பிடித்துக்கொள்ளப் பின்னால் பிடியும் இருந்த நீல வண்டியில் ஏறி, கோதண்டத்தின் தோளில் கையை வைத்தாள். நின்ற வண்டிதான். இருந்தாலும் இறங்க மனசே வரவில்லை. அதுவே போதும் என்று சொல்லிவிட்டாள்.

மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலைக்கு முன்னால் காலி மைதானம் இருந்தது. எல்.எல்.ஆர். கையில் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோதண்டம் அங்கே பழகினான். சட்டதிட்டம் எல்லாம் சீக்கிரம் மண்டையில் ஏறிவிட்டது. கிளட்ச், கியர், பிரேக் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பான். கைதான் கேட்கவில்லை. படகுக்கு ஏது பிரேக்? எதிரே அலை எழுந்தால் முறுக்கவேண்டும். தயங்கினால் படகு கவிழும். இத்தனை வருஷம் அவன் உயிரைக் காப்பாற்றிய கை அது. ஆகவே மைதானத்தில் மாடு குறுக்கே வந்தாலும் முறுக்கினான், சுவர் வந்தாலும் முறுக்கினான். முதல்முறை மணலில் போய்ச் சொருகினான். அடுத்தமுறை முழங்கால் தேய்ந்தது. வண்டி லேசாக இருந்ததால் அவனே தூக்கி நிறுத்தினான்.

பிறகொரு நாள் துணிந்து ரோட்டுக்கு வந்தான். வரிசையில் நின்ற கண்டெய்னர் லாரி ஒன்று திடீரென்று பின்னால் நகர்ந்தது. கோதண்டம் அதை நோக்கி முறுக்கினான். கடைசி நொடியில் வண்டி சறுக்கி, லாரியின் சக்கரத்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் கிடந்தான். ஓரத்தில் நின்று பார்த்த மங்கைக்கு உயிர் போய் வந்தது.

வீட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான். வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னான்:

"நான் மட்டும் வுழுந்தா பரவால்ல மே. பின்னால நீ குந்திகினு இருந்தா? என் கைய நம்பி உன்ன ஏத்த மாட்டேன்."

கொஞ்ச நாள் போனால் பழகிவிடும் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்தாள். அவன் மசியவில்லை. நீல வண்டி பழைய வலையைப் போர்த்திக்கொண்டு சந்தில் நின்றது. விற்றுவிடலாம் என்று திலீப் ஆள் கூட்டிவந்தபோது மங்கைக்கு வந்ததே கோபம்! ஆசைப்பட்டு வாங்கினது, இப்படிக் கண்டவன் கையில் போகவா? தம்பியை விரட்டிவிட்டாள். எதிர்வீட்டு ரேகாவிடம் ஒரு சுடிதார் இரவல் வாங்கினாள். நான் ஓட்டுகிறேன், சொல்லித் தா என்று புருஷன் முன்னால் போய் நின்றாள்.

அவள் கைக்கு மறக்கவேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. கோதண்டம் பின்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான். கிளட்சை மெள்ள விடு, பிரேக்கைப் பிடி என்று தொண்டை கிழியக் கத்தினான். சொல்லித் தருவதில் அவனை அடிக்க ஆளில்லை. வண்டி பஞ்சு மாதிரி இருந்ததால் அவன் ஓடிக்கொண்டே அதை நேராக நிறுத்த முடிந்தது. மழைக்காலம் வருவதற்குள் மங்கை லைசென்ஸே எடுத்துவிட்டாள்.

அவளுக்கென்று சொந்தமாகச் சுடிதார் வந்தது. மீன் கூடை வண்டியின் ஓரத்தில் ஏறியது. கடலுக்குப் போகாத ஒரு நாள், மார்க்கெட்டுக்கு நானும் வருகிறேன் என்றான் கோதண்டம். பின்னால் ஏறினான். பெண்டாட்டி ஓட்ட, உட்கார்ந்து போகிறான் பார் என்று சந்தில் ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். அவன் காதில் வாங்கவில்லை. அவள் தோளில் கையை வைத்தான்.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் இரண்டு பக்கமும் லாரி. மங்கை முன்னால் பார்த்தாள், கண்ணாடியில் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள், ஹாரன் அடித்தாள். கொஞ்ச தூரம் போனதும் முதுகில் பாரம் சாய்வது தெரிந்தது. தூங்கிவிட்டானா என்று பயந்து, சத்தமாகக் கேட்டாள்.

"யோவ், பின்னால எப்டி கீது?"

"ஷோக்கா கீது மே," என்றான். "கண்ண மூடிகினு வரேன். இத்தினி வருசத்துல இன்னிக்கித்தான் எதையும் பாக்காம போறேன். நீ பாத்துக்குவல்ல?"

ஹெல்மெட்டுக்குள் மங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷமா பொறாமையா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. துடைத்துக்கொள்ளவும் வழியில்லை, இரண்டு கையும் ஹாண்டில்பாரில் இருந்தன.

"பாத்துக்கிறேன், நீ சாஞ்சிக்க," என்றாள்.