ஆற்றங்கரையில் கழிவுநீர் லாரி

முடிச்சூர் அருகே அடையாற்றங்கரையில், பட்டப்பகலில், ஒரு கழிவுநீர் லாரி குழாயை ஆற்றுக்குள் திறந்துவிட்டிருந்தது. என் மனைவி ஸ்கூட்டரிலிருந்து இறங்கிப்போய், லாரியின் முன்னால் நின்று வீடியோ எடுத்தாள்.

"நவுருக்கா!" என்று கத்தியபடி டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"குழாயை மூடுங்க, நகர்றேன்."

லாரி உறுமிக்கொண்டு முன்னால் வந்தது. நான் அவளை நோக்கி ஓடினேன். அவள் அசையவில்லை. பம்பர் அவளுடைய துப்பட்டாவை உரசியபோதுதான் லாரி நின்றது.

டிரைவரின் முகமும் வெளிறியிருந்தது. "சுத்தம் பண்ற பிளான்ட்டுல லைன்ல நின்னா பாதி நாள் போயிடும்க்கா. இன்னொரு டிரிப்பு அடின்னு ஓனரு பேஜார் பண்றான்" என்றபடி இறங்கிக் குழாயை மூடினார்.

லாரி போனபின் அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீடியோவோடு புகார் கொடுத்தோம். அந்த லாரி பிடிபட்டது.

மறுவாரம் அங்கே வேறொரு லாரி நின்றது. ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள்.