இறால் மலிந்த காலம்

எங்கள் வீட்டில் போன வருடம் ஆவணிக் கடைசியில் கிளம்பிய இறால் வாசனை, கார்த்திகை வந்தும் போகவில்லை. அதற்கு முன்பெல்லாம் பொன்னேரி மார்க்கெட்டில் பெரிய இறாலை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பொடி இறாலில் கொஞ்சம் வாங்கி, கத்தரிக்காயோடு போட்டு ஒப்பேற்றுகிறவள் நான். திடீரென்று கட்டை விரல் தடிமனுக்கு இருக்கிற பண்ணை இறாலை நெடுஞ்சாலை ஓரத்தில் டெம்போவில் வைத்துக் கூவிக் கூவி விற்க ஆரம்பித்தார்கள். புரட்டாசி பிறந்து ஊரில் பாதிப் பேர் கவுச்சியை நிறுத்தியதும் விலை இன்னும் இறங்கியது. எங்கள் வீட்டில் அந்தக் கட்டுப்பாடெல்லாம் மாமனாரோடு போய்விட்டது. தொக்கு, வறுவல், பிரியாணி என்று ஒரு கை பார்த்தேன். தெருவில் யாரைக் கேட்டாலும் இறால் பேச்சுதான். நல்ல காலம் பிறந்துவிட்டதாகவே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். என் வீட்டுக்காரரின் டிரைலர் லாரி மட்டும் எதிரே இருந்த காலி மனையில் சும்மா நின்றது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது என் மரமண்டையில் உடனே ஏறவில்லை.

எனக்கு வேலை கும்மிடிப்பூண்டியில், ஒரு கம்பி மில்லின் கேட்டுக்கு எதிரே இருக்கிற எடை மேடையில். லாரி ஏறும், எடை பார்ப்பேன், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் அதே மில்லில் இருந்துதான் வீடு கட்டுகிற கம்பியை ஏற்றிக்கொண்டிருந்தார். சொந்த வண்டி, அவரே டிரைவர். மில் லோடு எல்லாம் லாரிச் சங்கம் வழியாகத்தான் போகும். அங்கே டர்ன் என்று ஒரு வழக்கம் உண்டு. சங்கத்தில் இடம் பிடித்த வண்டிகளுக்கு வரிசையாக முறை வரும். தினமும் காலையில் கேட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் சங்கத்துக் கணக்கு எழுதுகிற ரைட்டர் உட்கார்ந்து வண்டி நம்பரைக் கூப்பிடுவார். அந்த வண்டியின் ஆள் குரல் கொடுக்க வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் குரல் வராவிட்டால், அந்த லோடு அங்கே வந்து காத்து நிற்கிற, வரிசையில் இடம் இல்லாத ஏதாவது ஒரு வெளி வண்டிக்குப் போய்விடும். பெரிய லாபம் ஒன்றும் கிடையாது. ஆனால் மழையோ வெயிலோ, முறை வந்தே தீரும். என் வீட்டுக்காரர் பல வருடம் வெளி வண்டியாக நின்று நின்று அந்த வரிசையில் இடம் பிடித்தவர்.

அந்த இடத்தைத்தான் ஒரே காலையில் விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார்.

அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை ஏற்றப்போகிறது என்ற பேச்சு வந்ததும், ஆந்திரா பக்கத்து இறால் கம்பெனிகள் தலைதெறிக்க ஓட ஆரம்பித்தன. வரி அமலுக்கு வருவதற்குள் கையில் இருப்பதையெல்லாம் கப்பலில் ஏற்றிவிட வேண்டும். தடா தாண்டி இருக்கிற ஃபேக்டரிகளில் இருந்து காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு ஐஸ் கன்டெய்னர்கள் இடைவிடாமல் போயின. வண்டி போதவில்லை. ஒரு புக்கிங் ஏஜென்ட் இவரைப் பிடித்தார். கம்பி லோடுக்குக் கிடைக்கிற வாடகை அவர் சொன்ன வாடகைக்குப் பக்கத்தில்கூட வராது. கன்டெய்னர் வழியில் குளிர்ந்தே இருக்க வேண்டும் என்பதற்காக இவர் கடன் வாங்கி டிரைலருக்கு அடியில் ஒரு ஜெனரேட்டர் மாட்டினார். சங்கத்துக்குப் போய், இனிமேல் என் நம்பரைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரைட்டர் இரண்டு தடவை யோசிக்கச் சொன்னாராம். இவர் யோசிக்கவில்லை. அந்த இடத்தை அன்றைக்கே வேறொருவர் பிடித்துக்கொண்டார்.

வரி ஏறிவிட்டால் இதெல்லாம் நின்றுபோகாதா என்று நான் கேட்டேன்.

"வரி அவன் ஊர்ல போடுறான். நமக்கு இன்னா? ரோட்ட பாரு, எப்பிடி ஓடுது," என்றார்.

ரோடு ஓடியது உண்மைதான். நாளைக்குக் கடையை மூடப்போகிறார்கள் என்று முண்டியடிக்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, வியாபாரம் அமோகம் என்று பக்கத்திலேயே இன்னொரு கடை போடுகிறவரை என்ன சொல்வது? இவர் மட்டும் இல்லை, எங்கள் பக்கத்து வண்டிக்காரர்களில் நிறையப் பேர் அந்தக் கடையைப் போட்டார்கள்.

வரி வந்தது. கன்டெய்னர் நின்றது. ஏஜென்ட் முதலில் அடுத்த வாரம் என்றார். பிறகு தீபாவளி கழியட்டும் என்றார். அதன் பிறகு போனையே எடுக்கவில்லை.

எனக்கு விஷயத்தைப் போட்டு உடைத்தவர் பழவேற்காட்டில் இருந்து பொன்னேரிக்கு வந்து மீன் விற்கிற அக்கா. அவர் வீட்டுக்காரர் ஏரியில் பிடிக்கிறதை அவர் விற்பார். வருடக்கணக்காக அவரிடம்தான் வாங்குவேன். அன்று கையில் டெம்போ இறால் பையோடு அவர் பார்வையில் படாமல் நழுவப் பார்த்தேன், மடக்கிவிட்டார். ஏரி இறாலை இப்போது யாரும் சீண்டுவதில்லை என்று அலுத்துக்கொண்டார். பிறகு என் பையைக் காட்டி, "இது கப்பல்ல போவ வேண்டிய எறா கண்ணு. வரி போட்டுட்டான்னு அங்க எடுக்கல. அதான் ரோட்ல கொட்டிக்கினு கீறானுங்க," என்றார்.

அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் டிரைலர் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டிய சரக்கை நான் துணிப்பையில் தூக்கிக்கொண்டு, மலிவாகக் கிடைத்ததே என்று இத்தனை நாளும் மனம் குளிர்ந்துபோயிருக்கிறேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத ஒரு கோபம் வந்தது. ஆனாலும் காசு கொடுத்து வாங்கியாயிற்றே. வீட்டுக்குப் போய் வறுத்தேன்.

வண்டி நின்றால் வண்டிக்காரர் வீட்டில் இருப்பார். இந்தக் கஷ்டத்தை யாரும் எழுதுவதில்லை. குழம்பில் புளி அதிகம் என்றார், துணியைக் காயப்போடுகிற விதம் சரியில்லை என்றார். நேரம் போகாமல் இறால் உரிக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் டிரைலரில் ஏறி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, வண்டியை இரண்டடி நகர்த்தி நிறுத்துவார். ஒரே இடத்தில் நின்றால் டயர் வீணாகிவிடுமாம். இன்றைக்கு எந்த ஊர் லோடு என்று நான் சீண்டுவேன். முதலில் சிரித்தார். போகப்போகச் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் பீரோவில் பாஸ்போர்ட்டைக் காணோம். கேட்டதற்கு, சவுதியில் டிரைலர் ஓட்டப் போவதாகவும், விசா ஏஜென்ட்டிடம் கொடுத்திருப்பதாகவும், விசா வந்ததும் வண்டியை விற்றுவிடலாம் என்றும் சொன்னார். ஏதோ அரிசி வாங்கப் போகிறவரைப் போல் சாதாரணமாகச் சொன்னார். எங்கள் தெருவில் அப்படிப் போனவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகளுக்கு அப்பா என்றால் போனில் தெரிகிற முகம்தான். எனக்கு இவர் அப்படிப் போக வேண்டாம். புளி அதிகம் என்று சொல்லிக்கொண்டாவது இங்கேயே இருக்கட்டும்.

"சங்கத்துல போய் வெளி வண்டியா நில்லுங்க," என்றேன்.

"நான் வுட்ட எடத்துல, நேத்து வந்த பசங்களுக்குப் பின்னால கையக் கட்டிக்கினு நிக்கணுமா? அதுக்கு சவுதியே மேலு."

அதற்குப் பிறகு நான் பாத்திரங்களைப் போடுகிற சத்தம்தான் வீட்டில் கேட்டது.

எடை மேடை ஜன்னலில் இருந்து பார்த்தால் சங்கத்து ஷெட் நேரே தெரியும், கூப்பிடுவதும் காதில் விழும். கார்த்திகையில் ஒரு காலை, மழை விட்டிருந்தது. ரைட்டர் ஒரு நம்பரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார். என்ன நினைத்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கூட வேலை செய்கிறவரிடம் மேடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டினேன். நான் ஷெட்டுக்குள் போவதற்கும் மூன்றாவது தடவை முடிவதற்கும் சரியாக இருந்தது. மழையினால் வெளி வண்டிக்காரர்கள் யாரும் இன்னும் வந்திருக்கவில்லை. வெளி வண்டி ஏதாவது இருக்கிறதா என்று ரைட்டர் பொதுவாகக் கேட்டார்.

"இருக்குது," என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பினார்கள். அந்த ஷெட்டில் டீ கொடுக்கக்கூட ஒரு பெண் வந்து நான் பார்த்ததில்லை. ரைட்டருக்கு என்னைத் தெரியும். வீட்டுக்காரர் வரவில்லையா என்று மரியாதையாகத்தான் கேட்டார். வண்டி வீட்டில் நிற்கிறது, லோடு ஏற்றுவதற்குள் வந்துவிடும் என்றேன். வண்டிக்காரரே நேரில் நிற்க வேண்டும், அதுதான் வழக்கம் என்று பின்னால் இருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார்.

"நிக்கிறேனே," என்றேன். "வண்டி ஆர்சி என் பேர்லதான் இருக்குது."

அது பொய் இல்லை. எங்கள் பக்கத்தில் பாதி லாரிகள் வீட்டுப் பெண்கள் பெயரில்தான் ஓடுகின்றன. கடன் கொடுக்கிறவர்களுக்கு மாதச் சம்பளக்காரியின் கையெழுத்து வேண்டும் என்பதற்காக டிரைலரை என் பெயரில் வாங்கியிருந்தார். அதுவரை அந்த உரிமையை நான் ஒரு தடவைகூடக் காட்டியது கிடையாது. ரைட்டர் பேனாவைக் காதில் இருந்து எடுத்தார். "ஓனரே வந்து நிக்குது, இன்னாபா பண்ணச் சொல்ற?" என்று பின்னால் இருந்தவரிடம் கேட்டுவிட்டு, எங்கள் நம்பரை எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குப் போன் போட்டேன். இறால் உரித்துக்கொண்டிருந்தார். லோடு கிடைத்திருக்கிறது, வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார். கோபித்துக்கொண்டு வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அப்போதுதான் பயம் வந்தது. ஆனால் வந்தார். குளிக்கவில்லை, சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. என் மேடையில் ஏறி நின்று எடை பார்க்கும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நானும் மற்ற எல்லோருக்கும் கொடுக்கிற மாதிரியே சீட்டைக் கிழித்து நீட்டினேன்.

மறுநாளில் இருந்து, நான் மறுபடி போய் நின்றுவிடுவேனோ என்ற பயத்திலேயே அவர் கிளம்பிப் போனார். ஓனரம்மா அனுப்பினார்களா என்று ஷெட்டில் கிண்டல் அடித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து முணுமுணுப்பார், காலையில் திரும்பப் போவார். எல்லா நாளும் லோடு கிடைக்கவில்லை. சில வாரம் வெறும் டீ குடித்துவிட்டுத் திரும்பியதுதான். பொங்கல் கழித்து ஒருவர் வண்டியை விற்றுவிட்டுத் தொழிலை விட்டபோது, ரைட்டர் அந்த இடத்துக்கு இவரைக் கேட்டார். இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவில்லை. மறுநாள் எங்கள் நம்பர் வரிசையில் கூப்பிடப்பட்டது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்துதான் தெரியும். எனக்கு வேலையே ஓடவில்லை.

மாசி வாக்கில் அமெரிக்கா வரியைக் குறைப்பதாக டிவியில் சொன்னார்கள். கொஞ்ச நாளில் டெம்போக்கள் காணாமல் போயின. பொன்னேரியில் எனக்கு முன்னால் நின்றவர் இறால் விலையைக் கேட்டு, இதென்ன கொள்ளை என்று முகத்தைச் சுளித்தார். பழவேற்காட்டு அக்காவின் முகம் மட்டும் தெளிந்திருந்தது. ஒரு சாமான் விலை ஏறியதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு ரயில் ஏறினேன். இறால் ஏஜென்ட்டும் ஒன்றுமே நடக்காதது போலக் கூப்பிட்டார். டர்ன் இல்லாத நாளில் மட்டும் வருகிறேன் என்று இவர் சொன்னதைக் கேட்டேன்.

ஆனால் பாஸ்போர்ட் இன்னும் விசா ஏஜென்ட்டிடம்தான் இருந்தது. அதை அவர் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் வருகிற பதிலுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

விசா ஏஜென்ட்டின் போன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. கை எச்சில் என்பதால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். விசா வந்துவிட்டது, உடனே மெடிக்கலுக்கு வர வேண்டும், அடுத்த வாரமே டிக்கெட் என்று ஏஜென்ட் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். நான் ரசக் கரண்டியோடு நின்றிருந்தேன்.

"நாளைக்கு எனக்கு டர்ன் இருக்குதுண்ணே," என்றார் இவர்.

ஏஜென்ட்டுக்குப் புரியவில்லை. விசா வந்துவிட்டது என்று மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தார்.

"அதான் சொல்றேன். காலைல நம்பர் கூப்புடுவாங்க, நான் அங்க நிக்கணும். பாஸ்போர்ட்ட வந்து திருப்பி வாங்கிக்கிறேன்."

இடது கையால் போனை அணைத்துவிட்டு ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தார். ஊற்றினேன். பாதி தட்டுக்கு வெளியே போனது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்து அழுதேன். சிந்திய ரசத்தை அவர் துண்டால் துடைத்துவிட்டு, கரண்டியை என் கையில் இருந்து வாங்கித் தானே ஊற்றிக்கொண்டார்.