அம்மா ஆணி அடிக்கச் சொன்ன உயரம்

எங்கள் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்க வேண்டுமென்றால் ஒன்று சாமியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் செத்திருக்க வேண்டும். அதிலும் ஒரு தராதரம் உண்டு. அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு முழங்கை நீளத்தில் கண்ணாடிச் சட்டம். தாத்தாவின் தம்பிக்கு அதில் பாதிதான். அவர் நிலத்தை விற்றுத் தின்றவராம். கோடையில் கரிசல் மண் வெடித்தால் கூடவே எங்கள் சுவரும் வெடிக்கும். அந்த வெடிப்பை மறைக்கக் கோவில்பட்டி பருத்திக் கடையில் கொடுத்த காலண்டரை அப்பா தொங்கவிட்டிருப்பார். வருஷம் முடிந்தாலும் அது இறங்காது. அழகுக்காக என்று எங்கள் சுவரில் எதுவும் ஏறியதாக எனக்கு நினைவில்லை.

என் தங்கச்சி எனக்கு ரொம்பப் பிந்திப் பிறந்தவள். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் அவள் பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துவர, அவளுக்குத் தவிட்டைக் கொடுத்து அம்மா பிள்ளையைத் திரும்ப வாங்கினாள். குப்பையில் கிடந்ததை எமன் தொடமாட்டான் என்று எங்கள் பக்கத்தில் செய்கிற காரியம் அது. தங்கக் கம்மல் கிடையாது, காதில் வேப்பங்குச்சிதான். போட்டோ மட்டும் கூடவே கூடாது. படம் பிடித்தால் பிள்ளைக்கு ஆயுசு குறையும் என்பதில் அம்மாவுக்குத் துளியும் சந்தேகமில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தபோது அவளுக்கு நாலு வயசு. போட்டோக்காரர் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் அம்மா, “ஏட்டி, இங்கன வா!” என்று அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். அவளா அடங்குவாள்? கடைசிப் படத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு எட்டிப் பார்த்துவிட்டாள். என் கழுத்து மாலைக்குப் பின்னால் பாதி முகம், ஒரே ஒரு கண், அதில் அம்மாவை ஏமாற்றிவிட்ட சிரிப்பு.

மறுவருஷம் ஐப்பசி அடைமழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மழை பெய்தால் எங்கள் ஊர் வண்டிப்பாதை ஆளை விடாது. வண்டிச் சக்கரம் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார். பஸ் வந்து நின்றபோது பஸ்ஸுக்கு வேலையில்லை. அப்பா ஏறாமலே திரும்பி, வந்த வழியே அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு அம்மா கல்யாணப் படத்தைக் கையில் எடுத்தாள். வீட்டில் இருந்தபடி தீப்பெட்டி ஒட்டுவது அம்மாவுக்கு வழக்கம். அந்த நீலத் தாள்களை ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டி, பசை தடவி, காலண்டரைக் கழற்றிவிட்டு அந்தச் சுவரில் அப்பினாள். இரண்டு முழம் அகலம் இருந்தது.

“இந்த அளவுக்கு எம்பிள்ள படம் வேணும்.”

“எங்க அப்பாவுக்கே முழங்கை நீளந்தான். சின்னப் பிள்ளைக்கு யாராவது இம்புட்டுப் பெருசா மாட்டுவாகளா?” என்றார் அப்பா.

“மாமா பேரன் பேத்தி எடுத்துட்டுப் போனாவ. எம்பிள்ள எதைக் கண்டா? இந்தச் சுவரையாவது அவ வச்சுக்கிடட்டும்.”

அப்பா கயிற்றை எடுத்து அந்தத் தாளை அளந்துகொண்டார். நாங்கள் மூவரும் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினோம். ஸ்டூடியோக்காரர் கல்யாணப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“அக்கா, முகம் புளியங்கொட்டை அளவுதான் இருக்கு. சின்னதாப் போட்டா பிள்ள தெரியும். நீங்க சொல்லுத அளவுக்கு இழுத்தா வெறும் புள்ளிதான் தெரியும்.”

“தம்பி, அவளுக்கு மத்தக் கன்னம் இந்த மாலைக்குப் பின்னாலதான் இருக்கு. படம் சின்னதா இருக்கதுனால தெரியல. நல்லாப் பெருசாக்குங்க, தெரிஞ்சிரும்.”

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். படமே எடுக்கவிடாத அம்மாவுக்கு ஒரு படம் எப்படி உண்டாகிறது என்று யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? எனக்குப் போட்ட அந்த மாலையைப் பிய்த்து எறிய வேண்டும் போலிருந்தது. அது வாடிக் குப்பைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

“தெரியாததை ஆர்டிஸ்ட் வரைஞ்சு சேத்திருவாரு அக்கா” என்று அவர் இறங்கி வந்தார்.

படம் தயாரானதும் அப்பா அதைச் சாக்கில் சுற்றி, கண்ணாடி உடையாமல் இருக்க பஸ்ஸில் நின்றபடியே கொண்டுவந்தார். பிரித்தோம். உருண்டைக் கன்னம், இரண்டு பெரிய கண்கள், நெற்றியில் சுருட்டை முடி, காதில் ஜிமிக்கி. வேப்பங்குச்சியைக் காணோம். அந்தச் சிரிப்பையும் காணோம்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள்.

“லட்சணமாத்தான் இருக்கா. யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்” என்று சொல்லி, படத்தைத் திருப்பி நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்தாள். அவள் அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சாக்கை மடிக்கும்போது ஒரு உறை விழுந்தது. ஸ்டூடியோக்காரர் தாமாகவே போட்டு வைத்திருந்த சின்னப் படம், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆர்டிஸ்ட் கைபடாத பாதி முகம், ஒற்றைக் கண், சிரிப்பு. அம்மா அதைக் கையில் ஏந்திக்கொண்டாள். “வந்துட்டியாட்டி?” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு வந்ததும் அப்பா தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஸ்டூல் போட்டு ஏறினார். அம்மா வேண்டாமென்றாள். தான் தீப்பெட்டி ஒட்டுகிற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு இடத்தைக் காட்டினாள்.

“அங்கன போயி யாராவது படம் மாட்டுவாகளா? கோழி வந்து இடிக்கும்ட்டி.”

“அண்ணாந்து பாக்க அவ என்ன எனக்கு மூத்தவளா? நான் உக்காந்து பெட்டி ஒட்டும்போது எதுக்க வந்து நிப்பாள்லா, மூஞ்சிக்கு மூஞ்சி. அந்த உயரத்துல அடிங்க.”

அப்பா ஸ்டூலை விட்டு இறங்கிக் குத்தவைத்து ஆணி அடித்தார். அவ்வளவு பெரிய சுவரில் அத்தனை சின்னப் படத்தை அத்தனை கீழே பார்த்து வந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஒருத்தியைத் திட்டியே அனுப்பினேன்.

துக்க வருஷம் கழிந்து வந்த பொங்கலுக்கு நான் தாய்வீடு வந்திருந்தேன். வெள்ளையடித்து முடித்து அப்பா பழைய ஆணித் துளையைத் தேடிக்கொண்டிருந்தார்.

“அங்கன இல்ல. மூணு விரக்கட மேல” என்றாள் அம்மா.

“ஏன்?”

“வருசம் ஆகுதுல்லா. பிள்ள வளராதா?”

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று எனக்குக் கதி கலங்கியது. அப்படியெல்லாம் இல்லை. அன்றைக்கே கரும்புக்காரனிடம் வாய்ச்சண்டை போட்டு ஜெயித்து வந்தாள். அப்பா மூன்று விரலை வைத்து அளந்து, அதற்கு மேலே ஆணியை வைத்தார். அது முதல் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பார்கள், படம் கொஞ்சம் ஏறும். எனக்குப் பிள்ளைகள் பிறந்தன. அவர்கள் தங்கள் சித்தியோடு நின்று உயரம் பார்த்துக்கொண்டார்கள். போகப் போக, உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிற அம்மா படத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளையை அண்ணாந்து பார்ப்பது தாய்க்குக் கொடுப்பினைதான். எங்கள் அம்மாவுக்கு அது இப்படி வாய்த்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு பொங்கல். அப்பா சுத்தியலோடு நின்றார்.

“எவ்வளவு மேல?” என்றார்.

அம்மா சுவரில் முதுகை ஒட்டி நின்று, தன் தலைக்கு மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். படம் இருந்த இடத்தையும் பார்த்தாள்.

“போதும். என் உயரத்துக்கு வந்துட்டா. பொம்பளப் பிள்ளைக்கு இதுக்கு மேல வளத்தி இல்ல.” கையை இறக்கிவிட்டு, “இனிம மாப்பிள்ளதான் பாக்கணும்” என்றாள்.

அப்பா பழைய துளையிலேயே ஆணியை அடித்துப் படத்தை மாட்டினார். காளைகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துப் பக்கம் போனார். அந்தக் காளைகளை நாங்கள் முந்தின வருஷமே விற்றிருந்தோம்.